மேசையை நகர்த்தியதிலிருந்து அணைந்து போகும் கம்ப்யூட்டர்: எஸ்எம்பிஎஸ் மாற்றும் முன் கனெக்டரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். நானும் என் தம்பியும் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ராம் 16 ஜிபி இரண்டு, ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 750 வாட் மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை மின்சாரப் பெட்டி). ஆறு வாரம் எந்தக் குறையும் இல்லை. பிறகு மேசையோடு அடுத்த அறைக்கு மாற்றினோம். அதிலிருந்து தொல்லை. பவர் பட்டனை அழுத்தினால் சில நேரம் ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் ஓடுகிறது. இணையம், படம் பார்ப்பது எல்லாம் சரி. கேம் ஆரம்பித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரை கறுத்துப் போகிறது, அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. ஒரு கடையில் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்றார்கள், இன்னொரு கடையில் மதர்போர்டு என்றார்கள். கேபினெட்டின் பின்பக்க மூடியைக் கேபிள் புடைத்துக்கொண்டு இருந்ததால் அழுத்தித்தான் மூடினோம். சிபியு பக்கத்தில் 8 பின் போட்டிருக்கிறோம், அதனருகில் ஒரு 4 பின் சாக்கெட் காலியாக இருக்கிறது. அதுதான் காரணமா? அடுத்து 16 பின் பவர் கனெக்டர் உள்ள கிராபிக்ஸ் கார்டு வாங்க ஆசை. அந்தக் கனெக்டர் உருகிவிடும் என்கிறார்களே, வாங்கலாமா?

பதில்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு இரண்டையும் குற்றவாளியாக்கும் முன் பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது, அதற்குச் செலவு எதுவும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்கான தடயங்கள் மூன்று உள்ளன. ஆறு வாரம் ஒழுங்காக ஓடியது. நகர்த்திய பிறகே கெட்டது. பின் மூடியை அழுத்தி மூடியிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பவர் கனெக்டர்களில் ஏதோ ஒன்று முழுதாக உட்காரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். என் வரிசை இது: முதலில் மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கனெக்டர், அடுத்து கிராபிக்ஸ் கார்டின் இரண்டு 8 பின், மூன்றாவது இவற்றின் எஸ்எம்பிஎஸ் பக்க முனைகள். நிறையப் பேர் இந்த மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை.

24 பின்னை முதலில் வைப்பதற்குக் காரணம், உங்கள் இரண்டு தொல்லைகளையும் அது ஒன்றே உண்டாக்க முடியும் என்பதுதான். அந்தக் கனெக்டர் பெரும்பாலும் 20 பின், 4 பின் என்று இரண்டு துண்டாகத்தான் வரும். பழைய போர்டுகளுக்கும் பொருந்தவேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். செருகும்போது 20 பின் துண்டின் கிளிப் மட்டும் மாட்டிக்கொள்ளும். 4 பின் துண்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கி நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கம்ப்யூட்டரும் ஓடும். அதனால் போட்டவருக்குச் சந்தேகமே வராது.

அந்த ஓரத்தில் எந்தெந்தப் பின்கள் இருக்கின்றன என்று பாருங்கள். கிளிப் இல்லாத வரிசையில், 4 பின் துண்டு இருக்கும் ஓரத்திலிருந்து எண்ணினால் முதலில் 3.3 வோல்ட், அடுத்த இரண்டும் 12 வோல்ட், நான்காவது 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வருவது), ஐந்தாவது 'பவர் நன்றாக இருக்கிறது' என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்லும் சிக்னல். பழைய கேபிள்களில் இவை ஆரஞ்சு, மஞ்சள், மஞ்சள், ஊதா, சாம்பல் நிறத்தில் இருக்கும். மாடுலர் கேபிள்களில் எல்லாமே கறுப்பு என்பதால் எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 24 பின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மொத்தமே இரண்டு பின்தான், 10, 11 என்ற எண்கள். அதில் 11ஆவது அந்தத் தனித் துண்டில் இருக்கிறது. அது தூக்கி நின்றால் சுமை முழுதும் 10ஆவது பின் மேல் விழும். அந்த 10ஆவது பின்னும் தூக்கிய ஓரத்தை ஒட்டியே இருப்பதால், அதுவும் அரைகுறையாக உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தன்னைச் செருகியிருக்கும் பிசிஐஇ ஸ்லாட் வழியாக கிராபிக்ஸ் கார்டு 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரை இழுக்க விதி அனுமதிக்கிறது. அந்த மின்சாரம் வருவது இந்த இரண்டு பின்கள் வழியாகத்தான். போர்டில் மாட்டிய ஃபேன்களும் இதிலிருந்தே ஓடுகின்றன. மொத்தம் ஆறரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தொடுகையின் மின்தடை சில மில்லி ஓம்தான். 5 மில்லி ஓம் என்றால் அங்கே உண்டாகும் வெப்பம் 0.2 வாட். அரைகுறைத் தொடுகையில் தடை 50 மில்லி ஓம் ஆனால் அதே மின்னோட்டத்துக்கு 2 வாட்டுக்கு மேல். தீக்குச்சி தடிமன் உள்ள ஒரு உலோகத் துண்டுக்கு இது நிறைய. சூடேறினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிடி தளரும், தகரப் பூச்சு கறுக்கும், தடை இன்னும் ஏறும், மறுபடி சூடு. படம் பார்க்கும்போது சரியாக இருந்து, கேமில் மட்டும் பத்து நிமிடம் கழித்து விழுவது இந்தக் கதையோடு அப்படியே பொருந்துகிறது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு என்பதால்தான் கேம் மட்டும் தனியாகக் காட்டிக்கொடுக்கிறது.

ஒரு நொடி சுற்றி நிற்பதற்கும் அதே ஓரம் காரணமாகலாம். எஸ்எம்பிஎஸ் எல்லா வோல்ட்டேஜும் நிலைபெற்ற பிறகு 100 முதல் 500 மில்லி நொடிக்குள் அந்தச் சாம்பல் ஒயர் வழியாகச் 'சரி' சொல்லும். அந்தச் சிக்னல் போர்டுக்குப் போய்ச் சேராவிட்டால் அது சிபியுவை எழுப்பாது. ரீசெட்டிலேயே வைத்திருக்கும், அல்லது அணைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கணம் விட்டுப் போனாலும் ரீஸ்டார்ட்தான். டிடிஆர்5 ராமுக்கு வேண்டிய 5 வோல்ட்டும் இந்த 24 பின் வழியாகவே வருகிறது. அதனால் ராம் கோளாறு போலவும் இது வேஷம் போடும்.

ஈவென்ட் வியூவரில் நீங்கள் பார்த்த 41 என்ற எண்ணை வைத்து எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. விண்டோஸ் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பது மட்டுமே அதன் பொருள். அதற்குள் விவரங்களில் 'பக்செக் கோட்' பூஜ்யமாக இருந்தால், நீலத்திரைப் பிழை பதிவாகவில்லை, மின்சாரம் திடீரென நின்றிருக்கலாம் அல்லது ரீசெட் ஆகியிருக்கலாம் என்று கொள்ளலாம். அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை 'ஓ' பக்கம் தட்டி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு கேபினெட்டின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் சார்ஜ் போகும், போர்டில் ஏதாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அணையும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சற்று நேரம் அது உயிரோடிருக்கும்.

கேபினெட்டைப் படுக்க வையுங்கள். எதையும் தொடுவதற்கு முன் மொபைலில் எல்லாக் கனெக்டரையும் நெருக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வாரண்டிக்குப் போக நேர்ந்தால் உதவும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் போர்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் விளிம்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒரு ஓரத்தில் இடைவெளி அகலமாக இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். கிளிப்பின் கொக்கி சாக்கெட்டில் இருக்கும் மேட்டைத் தாண்டி அதன் அடியில் பிடித்திருக்க வேண்டும். மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் அது மாட்டவில்லை. அடுத்து, கிளிப்பை அழுத்தாமல், ஒயரைப் பிடிக்காமல், கனெக்டரின் பிளாஸ்டிக் உடலைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். சரியாக மாட்டியது அசையவே கூடாது. 4 பின் துண்டை மட்டும் தனியாகவும் இழுத்துப் பாருங்கள்.

இடைவெளி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் 24 பின்னை ஒரு முறை முழுதாகக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கிளிப்பின் மேல்நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, நீளவாக்கில் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி எடுங்கள். குறுக்காக வளைத்தால் போர்டிலுள்ள பின் வளையும். வெளியே வந்ததும் அதன் முகத்தைப் பாருங்கள். ஓட்டைகளுக்குள் தெரியும் உலோகக் குழல்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே தள்ளிப் போயிருந்தால், செருகும்போது அது பின்வாங்கியிருக்கிறது. கனெக்டர் எவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்தாலும் அந்தப் பின் தொடாது. பின்னாலிருந்து அந்த ஒயரைத் தள்ளினால் டிக்கென்று பூட்டிக்கொண்டால் சரி, பூட்டாமல் வழுக்கினால் கேபிளை மாற்ற வேண்டும். 13ஆவது இடத்தில் ஒரே குழலில் இரண்டு ஒயர் சேர்ந்திருப்பதைப் பார்த்துத் தவறென்று நினைக்க வேண்டாம். அதில் ஒன்று வோல்ட்டேஜை அளக்கும் ஒயர், பல எஸ்எம்பிஎஸ்களில் அப்படித்தான் இருக்கும். பிளாஸ்டிக் எங்காவது பழுப்பேறியிருக்கிறதா, மெழுகுபோல் மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மோந்தும் பாருங்கள், கருகிய வாடை கண்ணுக்கு முன்பே சொல்லிவிடும்.

திரும்பச் செருகும்போது 20 பின்னையும் 4 பின்னையும் முதலில் கையிலேயே ஒன்றாகக் கோத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அதற்கான சிறு சரிவுப் பள்ளம் இருக்கும். இரண்டின் முகமும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். அப்படியே இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கெட்டில் வையுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள்: 24 தொடுகைகளும் ஒரே நேரத்தில் எதிர்ப்புக் காட்டும், போர்டு வளைவது கண்ணில் படும், பயந்து கையை எடுத்துவிடுவார்கள். பல கேபினெட்டுகளில் போர்டின் அந்த ஓரத்துக்கு அடியில் தாங்கும் ஸ்க்ரூவே இருக்காது. அதனால் பக்கத்திலுள்ள கேபிள் துளை வழியாக இடது கை விரல்களைப் போர்டுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வலது கட்டைவிரலால் முதலில் ஒரு ஓரம், பிறகு மறு ஓரம், பிறகு நடு என்று அழுத்துங்கள். 'டிக்' சத்தம் கேட்டதை மட்டும் நம்பாதீர்கள்; 20 பின் துண்டின் கிளிப் மாட்டினாலும் அந்தச் சத்தம் வரும். மறுபடி டார்ச் அடித்து இடைவெளியைப் பார்த்த பிறகே முடிந்தது என்று கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். 7700 எக்ஸ்டி மொத்தம் 245 வாட் இழுக்கும் கார்டு, இரண்டு 8 பின். ஒரு 8 பின்னுக்கு விதிப்படி 150 வாட், ஸ்லாட்டுக்கு 75 வாட். இங்கேயும் கனெக்டர் 6, 2 என்று இரண்டு துண்டு. அந்த 2 பின் துண்டில் 12 வோல்ட் கிடையாது. ஒன்று கிரவுண்ட், மற்றொன்று 'நான் 8 பின்' என்று கார்டுக்கு அடையாளம் சொல்லும் சென்ஸ் பின். அது தொடவில்லை என்றால் கார்டு தனக்கு 6 பின் கேபிள்தான் கிடைத்திருக்கிறது என்று நினைக்கும். சில கார்டு ஓடவே மறுக்கும், சில கனெக்டர் அருகில் சிவப்பு விளக்கு காட்டும். 6 பின்னையும் 2 பின்னையும் கோத்துப் பிடித்து ஒன்றாகச் செருகுங்கள். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குவதைப் போட்டிருந்தால் அதை விட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். ஒற்றைக் கேபிளில் போட்டால் இரண்டு சாக்கெட்டின் சுமையும் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் ஒரே கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் மேல் விழும். தனித்தனியாகப் போட்டால் இரண்டு கனெக்டராகப் பிரியும். இந்த வாட் அளவுக்குக் கட்டாயமில்லை, ஆனால் தொடுகையில் சந்தேகம் உள்ள இடத்தில் சுமையைப் பிரிப்பதுதான் புத்தி. கார்டே ஸ்லாட்டில் சரிந்து தொங்குகிறதா, ஸ்க்ரூ இறுகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தூக்கி நகர்த்தும்போது கனமான கார்டு ஸ்லாட்டிலிருந்து ஒரு ஓரம் எழும்புவது சகஜம்.

எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய உறுத்தல். மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனை. இந்தப் பக்க முனை கீழ் மறைப்புக்குள் இருட்டில் இருக்கும், கை நுழையாது. அதன் பின்னால்தான் மிச்சக் கேபிளையெல்லாம் சுருட்டித் திணிக்கிறோம். மூடியை அழுத்தி மூடும்போது அந்தச் சுருள் கனெக்டரைப் பக்கவாட்டில் நெம்பும். ஆறு வாரம் தாக்குப்பிடித்தது, நகர்த்திய குலுக்கலில் ஒரு மில்லிமீட்டர் நழுவியிருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி வெளியே இழுத்து, ஒவ்வொரு முனையையும் எடுத்துப் பார்த்து மறுபடி செருகுங்கள். சில மாடல்களில் 24 பின் கேபிளின் இந்த முனை இரண்டு தனிக் கனெக்டராக இருக்கும். இரண்டும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். உபயோகிக்காத கேபிள்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மிச்சத்தை மூடிக்கு எதிரே தட்டையாகப் பரப்பி, கட்டும் பட்டையால் கட்டினால் மூடி விரல் நுனியால் தள்ளினாலே மூடிக்கொள்ள வேண்டும். கையால் அழுத்திப் பிடித்துத்தான் ஸ்க்ரூ போட முடிகிறதென்றால் இன்னும் கேபிளை ஒதுக்கவேண்டும்.

இந்த இடத்தில் கண்டிப்பாக ஒன்று. கேபிள் கெட்டிருந்தால் நண்பர் வீட்டில் கிடக்கும் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை எடுத்துப் போடாதீர்கள். போர்டு பக்க முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் இஷ்டப்படி வைக்கிறார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். வடிவம் பொருந்தும், உள்ளே போகும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் எரிந்துவிடும். மாடல் எண்ணைச் சொல்லி அதே மாடலுக்கான கேபிளைத்தான் வாங்க வேண்டும்.

சிபியு பக்கம் நீங்கள் கேட்ட காலி 4 பின் சாக்கெட் காரணமல்ல. 7600 சிபியு அதிகபட்சம் 88 வாட் அளவில்தான் இழுக்கும். 12 வோல்ட்டில் ஏழெட்டு ஆம்பியர். அதை 8 பின்னிலுள்ள நான்கு 12 வோல்ட் பின்கள் பங்கிட்டால் பின்னுக்கு இரண்டு ஆம்பியர்தான். அந்தக் கூடுதல் சாக்கெட் பெரிய சிபியுவை ஓவர்கிளாக் செய்பவர்களுக்கானது (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்கானது), காலியாகவே இருக்கட்டும். ஆனால் போட்டிருக்கும் 8 பின்னும் 4, 4 என்று இரண்டு துண்டு. கேபினெட்டின் மேல் மூலையில் கை நுழையாத இடத்தில் இருப்பதால் ஒரு பாதி தூக்கி நிற்பது அங்கேயும் நடக்கும். அதையும் பாருங்கள். கேபிள் தேடும்போது கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னை இங்கே திணிக்க முயலாதீர்கள். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேர் எதிர் வரிசையில் இருக்கின்றன. தவறுதலாகப் போகாமலிருக்கப் பின்களின் வடிவத்தை வேறாக வைத்திருக்கிறார்கள், ஆனால் பலம் கொண்டு தள்ளினால் போய்விடும், போனால் ஷார்ட்.

எல்லாவற்றையும் மறுபடி போட்டதும் நேராகக் கேமைத் திறக்காதீர்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: 7600 சிபியுவுக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் உண்டு. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலுள்ள எச்டிஎம்ஐயில் போட்டு ஓட்டுங்கள். பத்து முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒரு நொடி சுற்றி நிற்கிறதென்றால் கார்டும் அதன் கேபிளும் நிரபராதி. 24 பின், எஸ்எம்பிஎஸ், போர்டு என்று வட்டம் சுருங்கும். சினிபெஞ்ச் போன்ற சிபியு சோதனையை அரை மணி ஓட்டுங்கள். அது நின்றால் சிபியு 8 பின்னைப் பாருங்கள். அது தாங்கினால் கார்டைப் போட்டு ஃபர்மார்க் போன்ற கிராபிக்ஸ் சோதனை அரை மணி. முடிந்த கையோடு அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. விரல் வைக்க முடியாத சூடு, அல்லது ஒரு கனெக்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருப்பது, தொடுகை இன்னும் சரியில்லை என்று அர்த்தம்.

ராமைக் கழற்றி மாட்டினாலோ பேட்டரியை எடுத்து பயாஸை ரீசெட் செய்தாலோ, டிடிஆர்5 போர்டு முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் 'டிராம்' என்ற சிறு விளக்கு எரியும். செத்துவிட்டது என்று நினைத்துப் பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அந்த விளக்குகளை எப்போதுமே கவனியுங்கள்: சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு இருக்கும், எதில் நிற்கிறதோ அந்தப் பக்கம் தேட வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் உதவும், ஆனால் அது ஏமாற்றும் இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவு ஐந்து சதவீதம்: 12 வோல்ட் 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரை. சுமையில்லாமல் அளந்து 12.1 காட்டினால் எஸ்எம்பிஎஸ் வோல்ட் தருகிறது என்பது மட்டும்தான் தெரியும். தொடுகை கெட்ட பின்னில் மின்னோட்டமே இல்லாததால், ஒயர் பக்கத்தில் அது முழு வோல்ட்டைக் காட்டும். கடைக்காரர் 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதும் அதனால்தான். பழக்கமுள்ளவர் கையில் ஊசி போன்ற புரோப் இருந்தால் வேறு வழி உண்டு. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கிராபிக்ஸ் சோதனை ஓடும்போது 24 பின்னின் பின்பக்கம் 10ஆவது ஒயருக்கும் 11ஆவது ஒயருக்கும் இடையே அளக்க வேண்டும். இரண்டும் சமமாகச் சுமந்தால் சில மில்லிவோல்ட் தான் வரும். பல பத்து மில்லிவோல்ட் வந்தால் ஒன்று சும்மா இருக்கிறது. புரோப் நழுவிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகும் என்பதால் முதல் முறை மீட்டர் பிடிப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

எங்காவது பழுப்போ உருகலோ கண்டால் அந்தக் கேபிள் இனி உதவாது. உப்புத்தாள் போடுவது, கான்டாக்ட் ஸ்பிரே அடிப்பது, பின்னை இடுக்கியால் நெருக்குவது எதுவும் வேண்டாம். ஒரு முறை சூடேறிய ஸ்பிரிங் பழைய பிடிக்குத் திரும்பாது. எதிரே இருக்கும் சாக்கெட்டும் கருகியிருந்தால் புதுக் கேபிளைப் போட்டாலும் அதையும் கெடுக்கும். போர்டையோ கார்டையோ படங்களோடு வாரண்டிக்கு அனுப்புங்கள். கனெக்டர் எல்லாம் சுத்தமாக இருந்து, இரு முனையும் சரியாக உட்கார்ந்து, கார்டு இல்லாமலும் தொல்லை தொடர்ந்தால்தான் வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை அதன் சொந்தக் கேபிள்களோடு மாட்டிப் பார்க்க வேண்டும். அதிலும் அதே கதை என்றால் போர்டு. கடைக்குத் தூக்கிப் போவதாக இருந்தால் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். வண்டியில் குலுங்கி, அங்கே போய்ச் சேரும்போது வேறு கனெக்டர் கழன்றிருக்கக்கூடாது. சுவர் சாக்கெட்டில் பிளக் தளர்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். அறை மாறியிருக்கிறது, சாக்கெட்டும் மாறியிருக்கிறது அல்லவா?

கடைசிக் கேள்வி, 16 பின் கார்டு. வாங்கலாம், போடுவதில் கவனம் வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்ததும் கனெக்டர் உருகிய புகார்கள் கிளம்பின. அடுத்த மாதமே அந்தக் கார்டைத் தயாரிக்கும் என்விடியா உலக அளவில் சுமார் 50 புகார் வந்ததாகவும், முழுதாகச் செருகாததே பொதுவாகக் காணப்படும் காரணம் என்றும் சொன்னது. செருகுவது மட்டுமே பிரச்சினை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கனெக்டரின் வடிவமைப்பே தவறுக்கு இடம் கொடுக்காத அளவுக்கு இறுக்கமானது. 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். அதை ஆறே பின்கள் சுமக்கின்றன, பின்னுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல். ஒன்றிரண்டு சரியாகத் தொடாவிட்டால் மிச்சமுள்ளவை எல்லை தாண்டிவிடும், நிறையக் கார்டுகளுக்கு அது தெரியவே தெரியாது. பிறகு வந்த, அதே 16 பின்னின் திருத்திய வடிவமான 12வி-2×6 சாக்கெட்டில் சென்ஸ் பின்களை 1.5 மில்லிமீட்டர் குட்டையாக்கி, மின்சாரப் பின்களை 0.25 மில்லிமீட்டர் நீட்டியிருக்கிறார்கள். அரைகுறையாகச் செருகினால் கார்டு மின்சாரமே எடுக்காது என்பதுதான் அதன் நோக்கம். ஆனாலும் 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090 வந்த பிறகு 2025 பிப்ரவரியிலும் உருகிய புகார்கள் வந்தன.

ஆகவே 200, 250 வாட் கார்டில் இந்த 16 பின் வந்தால் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு பின்னிலும் நாலு ஆம்பியருக்குள்தான் ஓடும். 450 வாட்டுக்கு மேல் போகும் கார்டென்றால் அடாப்டர் போடாமல் எஸ்எம்பிஎஸ் கம்பெனியே தரும் நேர் கேபிளைப் போடுங்கள். கேபினெட்டில் வைப்பதற்கு முன் மேசையில் கார்டை வைத்து ஒரு முறை செருகிப் பார்த்தால், முழுதாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை ஒயர் நேராகப் போக வேண்டும், அதற்குப் பிறகே வளையலாம். கண்ணாடி மூடி கேபிளைத் தொட்டு அழுத்தும் குறுகலான கேபினெட்டில் அது முடியாது. கார்டு வாங்கும் முன் கார்டின் மேல் விளிம்புக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். இந்தக் கனெக்டர் முப்பது முறை செருகி எடுப்பதற்குத்தான் மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதால், சரிபார்க்கிறேன் என்று வாராவாரம் கழற்றவும் வேண்டாம்.